ஓவர்க்ளாக் ஆமையும் ஆனைமடு விண்ணப்பமும்

ஒரு காட்டில், அதுவும் இணையம் வந்து மூன்று வருடமாகியும் சிங்கராஜா தன் பாஸ்வேர்டை ஊர் பார்க்க மரப்பட்டையில் கீறி வைத்திருந்த ஒரு காட்டில், வரதப்பன் என்றொரு ஆமை இருந்தது. நல்ல ஆமை. வரிசையில் முந்தாது. எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வரும் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தக் காட்டில் கோடையில் தண்ணீர் நிற்பது ஆனைமடுவில் மட்டும்தான். அதன் கரையில் நாற்பது இடம். முன்பெல்லாம் கடித்துக் குதறி ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொள்வார்கள், அன்றோடு முடிந்தது. இப்போது நாகரிகம் வந்துவிட்டதால் ஆன்லைன் விண்ணப்பம். பங்குனி முதல் திங்கள் காலை பத்து மணிக்குத் தளம் திறக்கும். பத்து மூன்றுக்கெல்லாம் நாற்பது இடமும் தீர்ந்துவிடும்.

போன வருடம் வரதப்பனின் கணினி பத்து ஐந்து வரைக்கும் முக்கி, முகப்புப் பக்கத்தில் சிங்கராஜாவின் படத்தைப் பாதி மீசை வரைக்கும்தான் காட்டியது. அந்தக் கோடை முழுக்க வரதப்பன் காய்ந்த சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. ஓட்டில் இரண்டு இடத்தில் வெடிப்பு. இன்னொரு கோடை அப்படிப் போனால் ஓடு தாங்காது என்று அதற்குத் தெரியும். பயந்துதான் போயிருந்தது.

"கம்ப்யூட்டர ஓவர்க்ளாக் பண்ணிடுங்கண்ணே" என்றது பக்கத்துப் புற்றில் இருந்த கீரி செங்கோடன். "கம்பெனிக்காரன் ப்ராசஸருக்கு ஒரு வேகம் வச்சிருப்பான். அவன் வச்சத நாம ஏன் கேக்கணும்? ஏத்திவிட்டா பறக்கும்."

"வெடிச்சிடாதா தம்பி?"

"நான் இன்னிக்கு ஏத்தப் போறேன், வந்து பாருங்க."

வரதப்பன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. செங்கோடன் வேகத்தை ஒரே தூக்காகத் தூக்கி, மின்னழுத்தத்தையும் கடைசி வரை ஏற்றிவிட்டது. சூடு எவ்வளவு என்று பார்க்க ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். அதைப் போடச் சோம்பல்பட்டு, உடும்பு காத்தமுத்துவைக் கூப்பிட்டுக் கணினி மேல் படுக்கச் சொன்னது. காத்தமுத்து உச்சி வெயிலில் பாறையில் கிடந்து வளர்ந்த உடம்பு. தொண்ணூறு டிகிரியில், "இதமா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றது. தொண்ணூற்றெட்டில் கண்ணை மூடிக் குறட்டை விட்டது. புகை வந்த பிறகுதான் எழுந்து, "நல்லாத் தூங்கிட்டிருந்தேன், யாரு நிறுத்துனது?" என்று கோபித்துக்கொண்டது.

கருகிய கணினியைப் பார்த்த வரதப்பன் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தது. பிறகு தை மாதத்தில் வேலையை ஆரம்பித்தது, தன் பாணியில்.

முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் நகல் எடுத்து வேறிடத்தில் வைத்தது. விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதித் தள்ளியது. ப்ராசஸர் மேல் காய்ந்து போயிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவியது. பழைய அமைப்புகளை நோட்டில் எழுதி வைத்தது. பிறகு வேகத்தை ஒரே ஒரு படி ஏற்றி, ஒரு பகல் முழுக்கக் கணினியைக் கசக்கிப் பிழியும் சோதனையை ஓடவிட்டு, சூட்டு எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. எண்பதைத் தாண்டவில்லை. மறுநாள் இன்னொரு படி. ஏழாம் படியில் கணினி உறைந்து நின்றது. மின்னழுத்தத்தை மயிரிழை ஏற்றிப் பார்த்தது, சூடு எகிறியது. பேராசை வேண்டாம் என்று ஆறாம் படிக்கே இறங்கிவிட்டது.

ப்ராசஸர் முடிந்த பிறகுதான் நினைவகத்தைத் தொட்டது. இரண்டையும் சேர்த்து ஏற்றினால், எது தகராறு செய்கிறது என்று தெரியாது அல்லவா! நினைவகம் வேறு ஊமைக் குசும்பு. உறையாது, அணையாது, சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுத்து வைக்கும். அதற்கான சோதனையை நான்கு நாள் ஓடவிட்டதில் ஒரே ஒரு பிழை வந்தது. வேறு யாராக இருந்தாலும் "ஒண்ணுதானே" என்று விட்டிருப்பார்கள். வரதப்பன் ஒரு படி இறக்கிவிட்டு, இன்னொரு நான்கு நாள் உட்கார்ந்தது.

மாசி முடியும்போது கணினி எழுபத்திரண்டு டிகிரியில் பூனை மாதிரி முனகிக்கொண்டு பறந்தது. அந்தக் காட்டிலேயே இப்படியொரு கணினி கிடையாது. வரதப்பனுக்குக் கர்வம் தாங்கவில்லை. அதன் வாழ்க்கையில் முதல் கர்வம், பாவம், அனுபவிக்கட்டும்.

பங்குனி முதல் திங்கள். பத்து மணி. தளம் திறந்தது. வரதப்பனின் விவரமெல்லாம் முன்பே சேமித்து வைத்ததுதான், பொத்தானை ஒரு அழுத்து அழுத்தியது. ஒரே நொடியில் படிவம் நிரம்பிப் போய்விட்டது. விண்ணப்ப எண்: ஒன்று!

வரதப்பன் நான்கு காலையும் தூக்கி ஆடப் பார்த்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து.

"இனம்: ஆமை. நிரப்ப எடுத்துக்கொண்ட நேரம்: ஒரு நொடி. விண்ணப்பதாரர் ஆமை அல்ல என்று ஐயம் எழுகிறது. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, ஆமை என நிரூபிக்கவும்."

அலுவலகம் ஒன்றரை மைல் தள்ளி, ஆனைமடுக் கரையோரம். வரதப்பனின் நடைக்கு இரண்டு நாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இருந்தாலும் கிளம்பியது. பத்தடி போவதற்குள் செங்கோடன் எதிரே வந்தது.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். ஓடிப்போய் நான் ஆமைதான்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்!"

"இதுகூடச் செய்ய மாட்டேனாண்ணே!" என்று செங்கோடன் பறந்தது.

வரதப்பன் புதன்கிழமை பகலில் போய்ச் சேர்ந்தது. கவுண்டரில் எருமை பங்கஜவல்லி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"எப்பக் கெளம்புனீங்க, பெரியவரே?"

"திங்கக்கெழம காலையில, மேடம்."

"ஒன்றரை மைலுக்கு ரெண்டு நாளா? அப்ப நீங்க ஆமைதான். சந்தேகமே இல்ல." 'ஆமை என உறுதி செய்யப்பட்டது' என்று ஒரு முத்திரை குத்தியது. வரதப்பன் கும்பிடுவதற்குள், 'காலதாமதம், நிராகரிக்கப்பட்டது' என்று இன்னொன்று குத்தியது.

"மேடம், நான் பன்னெண்டு மணிக்குள்ளயே வந்திருந்தா?"

"ஆமை இல்லன்னு நிராகரிச்சிருப்போம்."

வரதப்பன் முத்திரை குத்திய தாளை மடித்து ஓட்டுக்குள் செருகிக்கொண்டது. வெளியே வந்தால், ஆனைமடுக் கரையில் ஒன்றாம் எண் பலகைக்குக் கீழே செங்கோடன் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தது.

"சொன்னேண்ணே, சத்தியமாச் சொன்னேன்" என்றது. "அடுத்தவங்க சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம். 'எடம் சும்மாதான் கெடக்கு, நீ எடுத்துக்கிறியா'ன்னு கேட்டாங்க. ஒரு பொம்பள அவ்வளவு மரியாதையாக் கேக்கறப்ப எப்படிண்ணே மறுக்கறது?"

"உனக்குத்தான் தண்ணின்னாலே ஆகாதே!"

"ஆகாதுதான். சும்மா இருக்கட்டுமேன்னுதான்."

வரதப்பன் இரண்டு நாள் நடந்து வீடு திரும்பியது. வீட்டில் கணினி எழுபத்திரண்டு டிகிரியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் படுத்திருந்த காத்தமுத்து, "என்னண்ணே இது, சூடே பத்தல" என்று குறைப்பட்டது. வரதப்பன் காய்ந்த சேற்றுக்குள் இறங்குவதற்கு முன், சேமித்து வைத்திருந்த விவரங்களைத் திறந்து, 'இனம்' என்ற கட்டத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தது. பிறகு, ஒரு வாழ்நாள் நேர்மையைக் கசப்போடு விழுங்கிக்கொண்டு, அங்கே 'சிறுத்தை' என்று தட்டியது.

நீதி: ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள், எண்பது டிகிரியைத் தாண்டாதீர்கள், உடும்பிடம் சூடு கேட்காதீர்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நீங்கள் ஆமை என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.