சொறியும் தூண்

"மறுபடியும் வந்துட்டான்யா!" என்று கத்தியபடி ஹைரம் விஸ்கிப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வெளியே ஒரு காட்டெருமைக் கடா, கடைத் தூணில் சாவகாசமாக முதுகு சொறிந்துகொண்டிருந்தது. பிரஸோஸ் ஆற்றுக்கு மேற்கே கண்ணுக்கு எட்டிய வரை மரம் கிடையாது. உரசிக்கொள்ள நிமிர்ந்து நின்றது அந்தத் தூண் ஒன்றுதான். அதன் மேல் கூரைத் துணி. துணிக்குக் கீழே ஹைரமின் பிழைப்பு. கடா உரசும்போதெல்லாம் அலமாரியிலிருந்து புட்டிகள் விழுந்தன. மிச்சமிருக்கும் பீப்பாயும் உருண்டு உடைந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான். கடையைக் காப்பாற்றியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

உள்ளே எருமை வேட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஆரின் பலே கெட்டிக்காரன். அக்கரையில் மேயும் எருமையை இக்கரையிலிருந்தே வீழ்த்துவான்.

"ஆரின் அண்ணே, அதைச் சுட்டுத் தொலைங்களேன்!"

"தொண்டை காஞ்சு கிடக்கே, ஹைரம்."

ஹைரம் கோப்பை நிறைய ஊற்றினான். ஆரின் குடித்துவிட்டு, வாசலில் நின்று குறி பார்த்துச் சுட்டான். கூரைத் துணியில் ஓட்டை விழுந்தது. எட்டித் தொடும் தூரத்தில் நின்ற கடா காதை மட்டும் ஆட்டியது.

"என்னண்ணே இது!"

"சரக்கு தூக்கலா இருக்குப்பா. கை ஆடுது."

ஹைரம் சரக்கில் தண்ணீர் ஊற்றினான். நிறம் வெளுத்ததும் புகையிலைச் சாறு விட்டான். காரம் குறைந்ததும் மிளகாயை அரைத்துக் கலக்கினான். மறுநாள் அத்தனை பேரும் ஓசியில் குடித்துவிட்டு வரிசையாகச் சுட்டார்கள். கூரை சல்லடையாயிற்று. கடாமேல் ஒரு கீறல் இல்லை.

"இப்ப கண்ணு எரியுதுப்பா" என்றான் ஆரின்.

"உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ஹைரம் பலகைகளில் ஆணிகளை அடித்து, கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் தூணைச் சுற்றிக் கட்டினான். கடா வந்து ஆணியில் தேய்த்துப் பார்த்தது; சுகத்தில் கண்ணை மூடி முனகியது. அடுத்த நாள் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. அன்றோடு அலமாரி காலி.

வேட்டைக்காரர்களுக்கு மட்டும் நல்ல காலம். மற்ற முகாம்களில் எருமையைத் தேடி நாள்கணக்கில் அலைந்தார்கள். இவர்களோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மதியத்துக்குள் வண்டி நிறையத் தோலோடு திரும்பினார்கள். எல்லாம் தன் விஸ்கி தரும் தெம்பு என்று ஹைரம் பூரித்துப்போனான். இப்பேர்ப்பட்ட வாடிக்கையாளர்களுக்காக உயிரைக்கூடக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஒருநாள் விடியற்காலையில், எல்லாரும் எழுவதற்கு முன்பே, மண்வெட்டியை எடுத்தான். தூணைத் தோண்டிச் சாய்த்தான். கூரை அவன் தலையிலேயே விழுந்தது. சளைக்கவில்லை, வெளியே ஊர்ந்து வந்து, தூணைத் துண்டு துண்டாக அறுத்து அடுப்பில் போட்டான்.

வழக்கம்போல் கடா வந்தது. குழியை முகர்ந்தது. ஹைரமை ஒரு பார்வை பார்த்துவிட்டு வடக்கே நடையைக் கட்டியது. மந்தை முழுவதும் அதன் பின்னால் போயிற்று.

ஹைரம் வெட்டவெளியில் பீப்பாய்மேல் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்தான். சற்று நேரத்தில் வேட்டைக்காரர்கள் வண்டி பூட்ட ஆரம்பித்தார்கள்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? கூரைதானே போச்சு! பீப்பாய் குத்துக்கல்லாட்டம் இருக்கே!"

ஆரின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோலுரிக்கும் சிப்ரியானோதான் பாவம் பார்த்து வாயைத் திறந்தான்.

"யோவ், மந்தையை இழுத்துட்டு வந்ததே அந்தக் கடாதான்யா! அதுமேல படாம சுட நாங்க என்ன பாடு பட்டோம்... அந்தத் தூண் இருந்ததாலதானே உன் விஸ்கியையே குடிச்சோம்!"