பட்டாதாரர் ஹென்ரிக் ஓல்சன்

மண்ணுலகில் நினைத்த மாத்திரத்தில் நீரைக் கொண்டுவரும் வல்லமை இருவருக்கே உண்டு. ஒருவர் வருண பகவான். மற்றவர் எங்கள் 'நீர்நிலைப் பொலிவுச் சிறப்பு அலுவலக'த்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செல்வக்குமார். முன்னவர் அருப்புக்கோட்டையைத் தாண்டித் தெற்கே வருவதென்றால் ரொம்பவும் யோசிப்பார். செல்வக்குமாருக்கு யோசனையெல்லாம் கிடையாது. கூகுளில் இரண்டு சொல் தட்டுவார், திரை தளும்பிவிடும்.

அந்த அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் கூட்டம் என்று காதில் விழுந்தால் போய்விடுவேன். ஒரு நாற்காலியும் ஒரு வடையும் அங்கே எனக்குத் தார்மீக உரிமை.

எங்கள் ஊர் வேலாயிபட்டி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரலாம். ஊருக்கு ஒரு கண்மாய் உண்டு என்று பழைய ஆவணங்கள் சொல்கின்றன. நேரில் பார்த்தால் சீமைக்கருவேலங்காடுதான் தெரியும். தண்ணீர் வருகிற கால்வாய் தூர்ந்துபோய் மேடாகிவிட்டது. ஐப்பசி மழைக்குள் மரத்தை வெட்டித் தூர்வாரினால்தான் கண்மாய்க்குள் தண்ணீர் நுழையும். அதை நம்பி நாற்றுப் பாவியிருந்தாள் காளீஸ்வரி. எனக்குத் தம்பி முறை ஆகிறவன் மனைவி. ஊரின் வார்டு உறுப்பினரும் அவள்தான்.

"மழைக்கு முன்ன வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க மச்சான். இந்த வருசமும் தப்புச்சுன்னா, நாத்த ஆட்டுக்குத்தான் புடுங்கிப் போடணும்" என்றாள்.

நிதி வேண்டுமென்றால் மேலதிகாரிக்கு, அதாவது எங்கள் பெரியய்யாவுக்கு, ஸ்லைடு காட்ட வேண்டும். நாகரிகத்தின் உச்சம் இது. அந்தக் காலத்தில் அதிகாரிகள் கண்மாயைத் தேடிப் போய்க் காலில் முள் ஏற்றிக்கொண்டார்கள். இப்போது கண்மாய் ஏசி அறைக்கு வந்து, சுவரில் அடக்கமாக நிற்கிறது.

"தற்போதைய நிலை" என்ற ஸ்லைடுக்கு ஒரு படம் தேவைப்பட்டது.

"ஏப்பா செல்வம், ஒரு எட்டு வந்து போன்ல எடுத்துக்கிறலாமே?" என்றேன்.

"அங்கன என்னங்கய்யா இருக்கு, முள்ளுதான்! பெரியய்யாவுக்கு முள்ளுப் படம் போட்டா மூஞ்சி சுண்டிரும். நெட்டுல 'குவாலிட்டி'யா கெடக்கு" என்றார்.

எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். நீலத் தண்ணீர். அதில் ஒரு சிவப்புப் படகு. பின்னால் வெள்ளையாக ஒரு மலை.

"இது என்ன மலைப்பா?"

"பனிங்கய்யா. வெட்டுனா படம் கோணிப்போகுது. இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டது. திருச்சுழித் தாலுகாவுக்கு ஒரு பனிமலை கிடைத்தது.

கூட்டத்தன்று திரையைப் பார்த்த பெரியய்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

"இவ்வளவு தண்ணி கெடக்கு. எதுக்குத் தூர்வாரணும்?"

காளீஸ்வரி எழுந்தாள். "ஐயா, அது எங்க கண்மா இல்லீங்க. எங்க கண்மாக்குள்ள கருவேல மரத்த எரிச்சுக் கரிமூட்டம் போடுறாக. படகு விடல."

"ஸ்லைடு ஓடும்போது குறுக்க பேசக் கூடாதும்மா" என்றார் பெரியய்யா. அவருடைய கூர்மையான பார்வை அதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது. "தண்ணிக்கு நடுவுல மங்கலா என்னமோ எழுதியிருக்கே?"

செல்வக்குமாருக்கு ஏசியிலும் வியர்த்தது. "ஹென்ரிக் ஓல்சன்னு போட்டிருக்குங்கய்யா."

"யார் அது?"

"சொந்தக்காரருங்கய்யா" என்றார். 'படத்துக்கு' என்று சேர்த்துச் சொல்வதற்குள் மேஜையில் அடி விழுந்தது.

"அரசாங்கக் கண்மாயில தனியார் பேரா? ஆக்கிரமிப்பு!"

"எங்க ஊர்ல ஜான்ராஜ் இருக்காக, அவுக மச்சான் ஜெபா இருக்காக. இந்தப் பேர்ல ஒருத்தரும் கெடையாதுங்க" என்றாள் காளீஸ்வரி.

"அப்ப வெளியூர்க்காரன். இன்னும் மோசம்!"

ஆக்கிரமிப்பு அகலும்வரை தூர்வாரும் பணி 'நிறுத்திவைக்கப்பட்டது'. நோட்டீஸ் எழுத என் அனுபவத்தை நாடினார்கள். மறுப்பேனா? "திரு. ஹென்ரிக் ஓல்சன், தகப்பனார் பெயர் தெரியவில்லை. மேற்படி கண்மாயில் தாங்கள் அனுமதியின்றித் தேக்கிவைத்துள்ள நீர், படகு ஒன்று, பனிமலை ஒன்று ஆகியவற்றை உடனடியாக அகற்றிக்கொள்ள வேண்டியது" என்று பேனா தானாகவே ஓடியது. அதைக் கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் ஒட்டினார்கள். மறுநாள் ஒரு வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி நின்று அதைத் தின்றது. 'பெறப்பட்டது' என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

ஐப்பசி வந்தது, மழையும் கொட்டியது. தூர்ந்த கால்வாயில் ஏற முடியாத தண்ணீர் ரோட்டோரமாகவே ஓடி ஊரைத் தாண்டிப் போனது. காளீஸ்வரி மண்வெட்டியோடு அதன் பின்னாலேயே ஓடினாள். பத்துப் பேர் சேர்ந்து மறித்தும் அது நிற்கவில்லை. கார்த்திகையில் நாற்று மஞ்சள் பூத்தது.

அதன்பின் ஒருநாள் பெரியய்யா நேரடி ஆய்வுக்கு வந்து ஜீப்பிலிருந்து இறங்கினார். எதிரே கருவேலம், கீழே வெடித்த தரை. இப்போது செல்வக்குமாரின் வேலைக்கு ஆபத்து என்று நான் மகிழ்ச்சியோடு காத்திருந்தேன்.

பெரியய்யாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! ஒரே நோட்டீஸ்தான். சொட்டு விடாம காலி பண்ணிட்டான்!"

"பனிமலையையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கய்யா" என்றார் செல்வக்குமார், கைகட்டி.

அங்கேயே போனில் படம் எடுத்தார்கள். புதிய ஸ்லைடு தயாரானது. 'முன்பு' என்ற தலைப்பின் கீழ் நீலத் தண்ணீர். 'பின்பு' என்ற தலைப்பின் கீழ் கருவேலங்காடு. எங்கள் கண்மாயின் உண்மையான படம் ஒரு ஸ்லைடில் ஏறியது அன்றுதான்.

பாராட்டு விழாவில் பெரியய்யாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். 'பயன்பெற்றவர்' சார்பில் பேச காளீஸ்வரியைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள்.

"இப்ப சந்தோசந்தானம்மா?" என்றார் பெரியய்யா.

அவள் திரையிலிருந்த 'முன்பு' படத்தைக் கையால் காட்டினாள்.

"வானத்துலருந்து வந்த தண்ணியத்தான் எங்க கண்மாக்குள்ள விடாம பண்ணிட்டீக. படத்துல யாரோ ஒரு புண்ணியவான் வச்சிருந்தாரு. அதையும் புடுங்கிட்டு, சால்வை வேற போத்திக்கிறீகளே!"