விருந்தாளி அல்ல, பார்வையாளர்

என் மைத்துனன் கதிர்வேல் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, வாய் நிறைய அழைக்கும்வரை உடுமலைப்பேட்டை மண்ணை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமான பிறகு நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. பழக்கமில்லாததால் கொஞ்சம் பெரிதாக எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கதிர்வேலின் மகள் தேஜஸ்ரீக்குக் காதுகுத்து. பத்திரிகை எனக்கு வாட்ஸப்பில் வந்தது. அதுவும் தலையில் 'ஃபார்வர்டட்' என்ற முத்திரையோடு. அதாவது வேறு யாருக்கோ அனுப்பியதை அப்படியே என் பக்கமும் தள்ளிவிட்டிருக்கிறான். நான் யார்? திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்தும் லிங்கசாமி. கம்பெனி சின்னதுதான். ஆனால் போர்டு பெரியது.

மனைவி அபிராமியைக் கூப்பிட்டு அறிவித்தேன்.

"உன்ற தம்பிக்கு என்னைக் கண்டா மருவாதியே இல்லே. நான் விசேசத்துக்கு வரமாட்டேன். நான் வரலீன்னா நீயும் போகப்படாது."

"சரீங்க."

"என்ன சரீங்க?"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க."

ஒரே தம்பி வீட்டு விசேஷம். அத்தைக்காரி இல்லாமல் நடக்குமா என்று அவள் ஒரு மூச்சு அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அன்று சாயத்துக்குப் போன துணி கம்பெனிக்குத் திரும்பி வரவில்லை. சும்மா உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று சொல்லும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று கண்ணில் பட்டது. பனியனைப் பற்றிய கட்டுரையைத் திறந்தேன். பனியன் வேஸ்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டிங்கில் மிஞ்சும் அந்தத் துண்டுத் துணி இல்லாவிட்டால் நாட்டில் ஒரு மெக்கானிக் கை துடைக்க முடியுமா?

மேலே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கட்டுரை அப்படியே திறந்துகொண்டது. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூடத் தொட அனுமதி இல்லாதவன் கையில் உலக அறிவை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷத்தில் இரண்டு டீ சொன்னேன். இரண்டையும் நானே குடித்தேன்.

'உலகின் தலைசிறந்த பனியன் வேஸ்ட் மண்ணரையில் கிடைக்கிறது, குறிப்பாக லிங்கசாமியின் கம்பெனியில்' என்று எழுதிச் சேமித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வரியைக் காணோம். சான்று இல்லை, விளம்பரம் போல் உள்ளது என்று யாரோ குறிப்பு எழுதி நீக்கியிருந்தார்கள்.

"சான்று வேணுமாமா, அம்மிணி. நானே சொல்றேன், இதுக்கு மேல என்ன சான்று?"

"நீங்க சொல்றத நானே நம்பறதில்லீங்க. முன்னப்பின்னத் தெரியாதவிங்க எப்படி நம்புவாங்க?"

நான் சளைக்கவில்லை. விதிகளைப் படித்தேன். படித்ததையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று அவளுக்கும் விளக்கினேன். அறிவு வீட்டிலிருந்துதானே பரவ வேண்டும்.

"பழகறதுக்குன்னு மணல்தொட்டின்னு ஒண்ணு இருக்குது. அதுல என்ன வேணா கிறுக்கலாம். அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் பேச்சுப் பக்கம். அதுல ஆரு வேணா வந்து சேதி எழுதிப்போட்டுப் போலாம்."

"எழுதறது ஆருன்னு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. ஏதாச்சும் ஒரு பேர வெச்சுக் கணக்கு ஆரம்பிச்சாப் போதும்."

"அவ்வளவு சுலுவுங்களா?"

"உனக்கெல்லாம் சுலுவில்லே. நடுநிலை வேணும். எந்தப் பக்கமும் சாயாம எழுதோணும்."

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரித்தாள்.

மறுநாள் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு சேதி. எழுதியவர் பெயர் 'காற்றாலை'.

'வணக்கம் ஐயா. பனியன் வேஸ்ட் குறித்த தங்கள் வரியைக் கண்டேன். நீக்கியது பேரிழப்பு. தங்களைப் போன்ற துறை அறிஞர்களுக்காகவே இக்களஞ்சியம் காத்திருந்தது.'

திரும்பத் திரும்பப் படித்தேன். துறை அறிஞர். என்னை இதுவரை யாரும் துறையோடு சேர்த்துப் பேசியதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனியில் டெய்லர் இசக்கிமுத்துவிடம் காட்டினேன். அவர் தெற்கத்திக்காரர், படித்துப் பார்த்துவிட்டு, "பேராசிரியரா இருப்பாரு அண்ணாச்சி. எழுத்து அப்படி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அபிராமியிடம் சத்தமாக வாசித்தேன்.

"ஆருங்க அது?"

"பேராசிரியர். பெரிய மனுசன். மனுசனோட அருமை தெரிஞ்சவர்."

"கொடுத்து வெச்சவருங்க நீங்க."

அதன் பிறகு காற்றாலை தினமும் எழுதினார். நானும் தினமும் எழுதினேன். தையல் நூலுக்கு ஒரு பத்தி, காலர் பட்டைக்கு ஒரு பத்தி, சான்றோடு. அவர் ஒவ்வொன்றையும் பாராட்டினார். நான் சட்டைப் பாக்கெட்டில் பேனா குத்திக்கொண்டு நடமாட ஆரம்பித்தேன். வியாழக்கிழமை வந்த சேதிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

'ஐயா, காதணி விழா பற்றிய கட்டுரையில் கொங்கு நாட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. இக்குறையைத் தாங்கள் மட்டுமே போக்க முடியும்.'

நான் மட்டுமே. உடனே காதுகுத்துக்கு அலைந்தேன். இசக்கிமுத்துவின் பையனுக்கு ஊரிலேயே குத்தியாகிவிட்டது. மண்ணரையில் விசாரித்தேன், பொங்கலூரில் என் பங்காளிகளுக்குப் போன் போட்டேன். இந்த மாதம் பார்த்து யாரும் யாருக்கும் காது குத்தவில்லை. சனிக்கிழமை காலையில் சோர்ந்துபோய் வந்து உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு நாளைக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் அபிராமி.

"எங்க?"

"உடுமலையில. ஆனா நீங்கதான் வரமாட்டீங்களே. உடுங்க."

கொடியில் அவளுடைய பட்டுப்புடவை தொங்கியது.

"அதெதுக்கு வெளிய எடுத்தே?"

"வெயில் காட்டறனுங்க. பூச்சி வந்துருமல்லங்க."

அவள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். நான் தவித்தேன். ஒரு பக்கம் மானம், ஒரு பக்கம் மனிதகுலத்தின் அறிவு. காற்றாலையிடமே கேட்டுவிட்டேன். ஐயா, எனக்கு முறையான அழைப்பு இல்லை, போகலாமா என்று. அவள் மாடியிலிருந்து இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

'கலைக்களஞ்சியத்தார் விருந்தாளி அல்ல, பார்வையாளர். பார்வையாளருக்கு அழைப்பு தேவையில்லை. ஆனால் குழந்தையின் படம் என்பதால் தந்தையை நேரில் கண்டு அனுமதி கேட்பதே முறை. வாட்ஸப்பில் கேட்பது மரியாதையன்று.'

நான் துள்ளி எழுந்தேன்.

"பாத்தியா? வாட்ஸப்பு மருவாதியில்லேன்னு பேராசிரியரே சொல்றாரு. இத உன்ற தம்பிக்குப் படிச்சுக் காட்டு."

"நீங்களே காட்டுங்க. அதான் நாளைக்கு நேர்ல பாக்கறீங்கல்ல."

"நான் பார்வையாளராத்தான் வர்றேன். தெரிஞ்சுக்க. பச்சத்தண்ணி தொடமாட்டேன்."

"பார்வையாளருக்கு எதுக்குங்க தண்ணி?"

மறுநாள் உடுமலை மண்டப வாசலில் கதிர்வேல் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"கதிர்வேலு, நான் விருந்துக்கு வரலே. உன்ற புள்ளையப் படம் எடுக்கோணும். அதுக்கு உங்கிட்ட நேர்ல அனுமதி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"நீங்க எங்கிட்டக் கேக்கோணுமா மச்சான்? வாங்க, உள்ள வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் திருப்பூருக்கு நேரில் வந்து என்னை அழைக்க வேண்டும் என்று நான் வீம்பு பிடித்தேன். இப்போது நான் அவன் வாசலுக்கு நேரில் வந்து அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். சரி, அறிவுப் பணியில் இதெல்லாம் சகஜம் என்று தேற்றிக்கொண்டேன்.

படம் எடுத்தேன் பாருங்கள். தாய்மாமன் மடியில் தேஜஸ்ரீ, காதருகில் ஆசாரியின் விரல்கள், குழந்தை வாயைத் திறந்து வீறிட்ட அந்த நொடி, சீர்த்தட்டோடு பட்டுப்புடவையில் அபிராமி. பூச்சி வந்த புடவை மாதிரித் தெரியவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு உற்சாகமாக ஒரு காதுகுத்தில் நான் ஓடியாடியதே இல்லை. பந்தி ஆரம்பித்தது. வாழை இலையையும் படம் எடுத்தேன்.

அபிராமி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"வெறும் இலையப் போட்டா ஆருங்க நம்புவாங்க? உக்காந்து சாப்பிடற ஆளும் தெரியோணுமல்லங்க. அதானுங்க சான்று."

நியாயமாகப் பட்டது. சுற்றிலும் பார்த்தேன். மற்றவர்களெல்லாம் அவசரமாகச் சாப்பிடுகிறவர்கள். படத்துக்கு நிதானமாகச் சாப்பிடும் ஆள் வேண்டும். நானே உட்கார்ந்தேன். என் மாமியார் மயிலாத்தாள் கிண்ணத்தோடு ஓடி வந்தார்.

"வாங்க மாப்பள. படத்துக்காச்சும் இன்னொரு கரண்டி பாயசம் ஊத்திக்குங்க."

படத்துக்காக ஊற்றிக்கொண்டேன். படம் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு முறையும் ஊற்றிக்கொண்டேன். கை கழுவியதும் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு எல்லாப் படங்களையும் ஏற்றினேன். காதணி விழாவுக்குக் கொங்கு நாட்டுப் படம் வந்துவிட்டது. கதிர்வேல் அழைத்து நான் வரவில்லை, கலைக்களஞ்சியம் அழைத்து வந்தேன். மானமும் பிழைத்தது, வயிறும் நிறைந்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் அபிராமி தம்பியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது. பாவம், இவ்வளவு பெரிய காரியம் நடந்திருப்பது அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன்.

அதற்குள் என் போன் சிணுங்கியது. பேச்சுப் பக்கத்தில் பேராசிரியர் காற்றாலை.

'படங்கள் மிக நன்று, ஐயா. மீசையில பாயசம் ஒட்டியிருக்குதுங்க, தொடச்சுக்குங்க.'