சொட்டுத் தண்ணியும் என் சபதமும்

உலகத்துல எவனுக்குப் பணிஞ்சாலும் மச்சினன் ராஜபாண்டிக்குப் பணியமாட்டேன். பெரிய பிளம்பராம்! போன பொங்கலுக்கு என் சம்சாரம் முத்துமீனா முன்னாடியே சொல்றான்: "மாமா, பிசிக்ஸ் நடத்துறது வேற, பைப்பு மாட்டுறது வேற." இருபது வருஷ வாத்தியாரைப் பாத்து! அன்னைக்கே சத்தியம் பண்ணேன். நானா கூப்பிடுற வரைக்கும் அவன் என் வாசப்படிய மிதிக்கக்கூடாது.

வர்ற ஞாயித்துக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாம எப்படிக் குத்துறதுன்னு முத்துமீனா ஒரு வாரமா பிடிச்ச பிடி. "ஏன், என் மடி என்ன முள்ளா?"ன்னேன்.

திங்கக்கிழமை குளியலறைக் குழாய முழுசாத் திறந்தாலும் தண்ணி கொட்டாம சொட்ட ஆரம்பிச்சுச்சு.

"ஏங்க, தம்பியக் கூப்பிடவா?"

"எதுக்கு? அரை இஞ்ச் பைப்பு, அஞ்சு வளைவு. தண்ணி சுவர்ல உரசி உரசி வேகம் கெடுது. உராய்வு! பைப்ப அகலமாக்குனா கொட்டும்."

"நேத்து வரைக்கும் கொட்டுச்சே?"

"அது... உப்புப் படிஞ்சிருக்கும். மேல டேங்க் வால்வு திறந்திருக்கா?"

"திறந்துதாங்க இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

செவ்வாய்க்கிழமை ஒரு இஞ்ச் பைப்பு மாட்டினேன். புதன்கிழமை மூணு வளைவை அறுத்தேன். வியாழக்கிழமை விரலையும் அறுத்தேன். குழாய் வெக்கமில்லாம சொட்டுச்சு.

"ஞாயித்துக்கிழமை அறுபது பேர் வாராகங்க."

"சொட்டுல குளிக்கட்டும்! அதான் சிக்கனம்!"

வெள்ளிக்கிழமை காலை. தலை பூரா சோப்பு. அந்தச் சொட்டும் நின்னு போச்சு. கண்ணு எரியுது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.

"முத்துமீனா! ஒரு குடம் தண்ணி!"

"அடுப்படிலயும் வரலைங்க."

கதவிடுக்குல போன் வந்துச்சு. ஏற்கெனவே ராஜபாண்டிக்கு ரிங் போய்க்கிட்டிருந்துச்சு.

"மாப்ள, நாந்தான். கொஞ்சம் வந்துட்டுப் போடா. தண்ணி வரல."

"அதுக்கு மட்டுந்தானா மாமா?"

"ஐயோ, காதுகுத்துக்கும் வந்து தொலை!"

சொல்லி வாய மூடல, குழாய் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது!

"திருப்பரங்குன்றத்துல இருந்து அவனியாபுரத்துக்கு அதுக்குள்ளயாடா வந்துட்ட?"

"உங்க மொட்டை மாடிலதான் நிக்கிறேன் மாமா. வாசப்படிய மிதிக்கல, வெளிப்படில ஏறுனேன். வால்வ அக்கா திங்கக்கிழமையே சொட்டுற அளவுக்கு விட்டு மூடிருச்சு. மிச்சத்த இன்னைக்கு என்னைய மூடச் சொல்லுச்சு. பைப்பு நல்லாத்தான் மாட்டிருக்கீக மாமா!"

வெளிய முத்துமீனா குரல்: "நான் பொய் சொல்லலீங்க. அன்னைக்குக் கொஞ்சம் திறந்துதான் இருந்துச்சு."

இப்பவும் சொல்றேன், என் பிசிக்ஸ்ல தப்பே இல்ல. ஞாயித்துக்கிழமை வாசல்ல நின்னு ராஜபாண்டிக்குச் சந்தனம் பூசி வரவேத்ததும் நாந்தான்.