வயலின் குமிழும் என் வயிற்றெரிச்சலும்

பொறாமைக்காரன் கையில் கத்தியைக் கொடுத்தால்கூடச் சமாளித்துவிடலாம். வால்யூம் குமிழை மட்டும் கொடுக்கக் கூடாது.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. மனைவி சரசு வீணை, மாமனார் கோட்டுவாத்தியம், சரசுவின் அத்தை மகன் சுந்தரம் வயலின் என்று மூவரும் சேர்ந்து வாசிப்பார்கள். சுந்தரம்தான் அவளுக்கு முறை மாப்பிள்ளை. ஜாதகம் பொருந்தாததால் எனக்கு அடித்தது யோகம். ஆனாலும் அவனைத்தான் வாய் நிறைய 'அத்தான்' என்பாள். நான் வெறும் 'இந்தாங்க'. (தாலி கட்டினவனுக்கு இவ்வளவுதான் மரியாதை!) அவனுக்குச் சுருட்டை முடி வேறு.

திருச்சி சபாக்காரர் ஒருவர், வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பினால், கேட்டுவிட்டு நவராத்திரிக்குக் கச்சேரி தருவதாகச் சொல்லியிருந்தார். சரசுவுக்கு வெளியூரில் முதல் மேடை. விரல் வீங்க வீங்கச் சாதகம் செய்தாள். மீமிசல் காதர் பாய், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை ஒரு பகலுக்கு மட்டும் எடுத்து வந்திருந்தார். சாயங்கால பஸ்ஸில் அவரும் அதுவும் ஊர் திரும்பியாக வேண்டும்.

மாமனார் வீட்டுக் கூடத்தில் மூன்று மைக். என் முன்னால் மூன்று குமிழ் வைத்த மிக்ஸர் பெட்டி. மூன்று வாத்தியமும் அதிலேயே கலந்து ஒரே நாடாவில் பதியும். சாம்பாரில் போட்ட உப்பு மாதிரி, பிறகு பிரித்தெடுக்க முடியாது.

சுந்தரம் வில்லைப் போட்டான். நன்றாக வாசித்தான், படுபாவி. சரசு கண்ணை மூடித் தலையாட்டினாள். என் வயிறு பற்றி எரிந்தது. வயலின் குமிழை லேசாகக் குறைத்து, வீணையைக் கூட்டினேன். அவள் இன்னும் ஆட்டினாள். நான் இன்னும் குறைத்தேன். கூடத்தில் கேட்பது போதாதா, இவன் என் காதுக்குள் வேறு வர வேண்டுமா என்று ஹெட்போனையும் கழற்றிவிட்டு, பெட்டியில் ஆடும் ஊசியை மட்டும் பார்த்துக் கலந்து முடித்தேன்.

போட்டுக் கேட்டோம். வீணை கணீரென்று வந்தது. அடுத்தது வயலின் தனியாக வாசிக்கும் இடம். சுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். எங்கோ கொசு அழுவதுபோல் ஏதோ கேட்டது. அதற்கு மேலே, வீணை மைக் வழியாக, சரசு தன் அப்பாவிடம் கிசுகிசுத்தது மட்டும் தெள்ளத் தெளிவாக வந்தது.

"அத்தான் நல்லாத்தான் வாசிக்கிறாக. இவுக மொகந்தாம்ப்பா அபசுரமா இருக்கு."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காதர் பாய்தான் கேட்டார்: "ஏந்தம்பி, வயலின்காரரு நடுவுல எங்கிட்டாச்சும் எந்திரிச்சுப் போயிட்டாரா?"

மாமனார் குனிந்து குமிழ்களைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. சரசு சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"இம்புட்டு நாளும் வாசிச்சது ஒங்க வெளாட்டுக்கா?"

அவனை அமுக்குவதாக நினைத்து அவள் கச்சேரிக்கே உலை வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இன்னும் நேரங் கெடக்கு, திருப்பி வாசிங்கம்மா" என்றார் காதர் பாய். சரசு ஹெட்போனை எடுத்து என் தலையில் அழுத்தி மாட்டினாள். "கழட்டுனீகன்னா இருக்கு சேதி!"

இந்த முறை ஒழுங்காகக் கலந்தேன். சுந்தரத்தின் வயலின் முழுசாகக் காதுக்குள் பாய்ந்தது. (எரிச்சலும் முழுசாகத்தான்.)

கச்சேரி கிடைத்தது. கூடவே எங்கள் வீட்டுக்கு ஒரு கேலியும் கிடைத்தது.

போன மாதம் சுந்தரம் விருந்துக்கு வந்திருந்தார். இப்போது முழு வழுக்கை. எனக்கு அதில் பரம திருப்தி. நான்தான் பாயசம் ஊற்றினேன். அவர் டம்ளருக்கு வந்ததும் கை தானாகச் சுருங்கிவிட்டது.

சரசு தலை நிமிராமலே சொன்னாள்: "இந்தாங்க, அத்தானுக்கு வால்யூம் பத்தல."