பாலனை ஒளித்து வைத்த கோயில்பிள்ளை

குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னனுக்குப் பிறகு கிறிஸ்துமஸைத் தடுத்து நிறுத்த மும்முரமாகப் பாடுபட்ட ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ராஜபாளையத்தில், எங்கள் மில் லைன் மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தார். மணி அடிப்பது, பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது எல்லாம் அவருக்குக் கொடுத்த வேலை. கிறிஸ்துமஸைத் தடுப்பது அவராகவே எடுத்துக்கொண்ட வேலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்போம். ஆண்டவர் பிறப்புக்காகக் காத்திருக்கும் காலம். காத்திருப்பது என்றால் கேக்குக்கு மாவு பிசைவது, புதுச்சட்டைக்கு அளவு கொடுப்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம். காவல் காப்பது என்று அவர் நினைத்திருந்தார். டிசம்பர் பிறந்து எந்த வீட்டு வாசலிலாவது ஸ்டார் தொங்கினால் போதும், துறட்டிக் கம்போடு வந்து நிற்பார். ஸ்டாரை இறக்கி, உள்ளே இருக்கும் பல்பைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார்.

“என்ன அவசரம்? இன்னும் பொறக்கல. பொறந்த பொறவு போட்டுக்கிடலாம்.”

அதனால் ஊரில் அவருக்குப் பெயரே ‘இன்னும் பொறக்கல’. தபால்காரர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைக் கொண்டுவந்தால் தெருமுனையிலேயே வழிமறித்து வாங்கிவிடுவார். இருபத்தைந்தாம் தேதி காலையில்தான் பட்டுவாடா. நான் அப்போது மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். கோயிலில் இளைஞர் சங்கச் செயலாளர். கேரல் பாட்டு ஒத்திகையை அவருக்குப் பயந்து மில்லின் கழிவுப் பஞ்சு குடோனில் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினோம். பாதிப் பேர் தும்மிக்கொண்டே பாடினார்கள்.

ஒரு வருஷம் திருவருகையின் இரண்டாவது ஞாயிறு, விடியற்காலைப் பூசை. பீடத்துக்கு அருகே இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் இருக்கும். வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றவேண்டும் என்பது முறை. சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் கரண்டு போனது. புதுச் சாமியார், சின்ன வயசு. எழுதிவைத்த தாள் தெரியவில்லை. நான்கு மெழுகுவர்த்திகளையும் ஏற்றிவிட்டார். நம் ஆள் விறுவிறுவென்று நடந்து போய், சபை பார்த்துக்கொண்டிருக்க, இரண்டை ஊதி அணைத்தார்.

“இது ரெண்டாவது வாரம், சாமி. இருட்டுலயே பிரசங்கம் வைங்க. எங்களுக்குக் காதுதான வேணும்?”

டிசம்பர் எட்டு மட்டும் விதிவிலக்கு. அன்று அமல உற்பவ மாதா திருநாள். திருவருகைக் காலத்தில் நிறுத்தி வைத்திருக்கும் ‘உன்னதங்களிலே’ பாட்டை அன்றைக்குப் பாடலாம். அனுமதி உண்டு என்றால் அதை முழுசாகப் பயன்படுத்துவார். வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை, எதிரே வருகிற எல்லோருக்கும் பொரிகடலை. தகரத்தில் ஆணியால் கீறுவது மாதிரியான குரலில் பாடகர் குழுவையே மூழ்கடித்துப் பாடுவார். ஒன்பதாம் தேதி காலையில் பழைய முகம் திரும்பிவிடும்.

எங்கள் கோயிலின் ஒரே சொத்து என்று சொல்லத்தக்கது பாலன் சுரூபம். குழந்தை இயேசு. எந்தக் காலத்திலோ வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் கொண்டுவந்தது. மரத்தில் செதுக்கியது, ஒரு முழ நீளம். கையில் எடுத்தால் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கத் தோன்றும். திருவருகை தொடங்கியதும் அது கோயில் அலமாரியிலிருந்து காணாமல் போகும். இருபத்து நான்காம் தேதி சாயங்காலம், இயேசு பிறந்த தொழுவம் மாதிரி கோயிலில் போடும் குடிலுக்கு வந்து சேரும். நடுவில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், “மாதா வயித்துல” என்பார். அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் என்று நாங்களே முடிவுசெய்துகொண்டோம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் இருபதாம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாளின் விடியற்காலைப் பூசைக்கு மணி அடித்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் மணிக்கயிற்றைப் பிடித்தபடி சரிந்து கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு இல்லை. மில் வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “உயிருக்குப் பயமில்லை. பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

மறுநாள் குடில் வேலை தொடங்கியது. பாலனை எடுப்பதற்காகச் சாமியார் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு வேட்டி, அந்த வெள்ளைச் சட்டை, ஒரு கட்டு வாழ்த்து அட்டை, காகிதத்தில் சுற்றிய பத்துப் பதினைந்து பல்புகள். ஒவ்வொரு பல்பிலும் எந்த வீட்டுடையது என்று எழுதி ஒட்டியிருந்தது. பாலன் இல்லை.

பீடத்துக்கு அடியில் பார்த்தோம். மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தோம். ஆர்மோனியப் பெட்டியைப் பிரித்தோம். கிணற்றில் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினோம். இரண்டு வாளியும் ஒரு செருப்பும் வந்தன. சாயங்கால நவநாள் பூசைக்கு வந்த கூட்டம் ஜெபத்தில் மனசு வைக்காமல் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் மேஸ்திரி எழுந்தார். மில்லில் அறுபது பேரை மேய்ப்பவர். கோயில் கமிட்டித் தலைவர். மெதுவாகப் பேசத் தெரியாது.

“மொத வாரம் மெட்ராஸ் கார் ஒண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பழைய மரச் சாமான் வாங்குத பய. பாலனை வெலைக்குக் கேட்டான். நான் பின்னாலதான் நின்னேன். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘இருபத்தஞ்சுக்குப் பொறவு வாங்க’ன்னாரு! எங்காதால கேட்டேன்.”

சபையே எழுந்து நின்றுவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ‘கோயில் சொத்தை வித்துட்டாரு’ என்றது ஒரு குரல். ‘சாமி குத்தம், அதான் வாய் இழுத்துக்கிட்டு’ என்றது இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவர் கையில் பொரிகடலை வாங்கித் தின்றவர்கள். சாமியார் கையை உயர்த்திப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை.

“செயலாளரே, நீ போய் அவர்ட்ட கேட்டுட்டு வா. நாளைக்குள்ள பதில் இல்லைன்னா போலீஸ்தான்” என்றார் மேஸ்திரி.

இருபத்திரண்டாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வார்டில் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. குனிந்து, “பெரியப்பா, பாலன் எங்க இருக்கு?” என்று கேட்டேன். தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. பிறகு இடது கையை எடுத்து வயிற்றின் மேல் பெரிய வளைவாக ஒரு கோடு போட்டார்.

“பசிக்குதா?”

கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். மறுபடியும் வளைவு.

“வயிறு வலிக்குதா? நர்ஸம்மாவைக் கூப்பிடட்டுமா?”

நர்ஸும் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். கோயில்பிள்ளையின் பார்வையில் தெரிந்த கோபம் எனக்குப் பழக்கமானதுதான்; ஸ்டார் கட்டும்போதெல்லாம் பார்த்தது. இந்த முறை இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உதட்டுக்கு மேலே விரலால் மீசை முறுக்கிக் காட்டினார்.

“போலீஸா? போலீஸ்ல சொல்லணுமா?”

அவர் கை பொத்தென்று விழுந்தது. புரிந்துகொண்டேன் என்ற நிம்மதி அவருக்கு என்று நினைத்தேன். ‘அவரே போலீஸுக்குப் போகச் சொல்லுதாரு’ என்ற செய்தியோடு ராஜபாளையம் திரும்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி சொல்லச் சொல்ல நான் புகார் மனு எழுதினேன். “மேற்படி சுரூபத்தைக் கோயில்பிள்ளை விற்றிருக்கலாமென்று சந்தேகிக்கிறோம்” என்ற வரியில் பேனா நின்றது. “ம், எழுதுலே” என்றார் மேஸ்திரி. எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து எனக்கே யாரோ போட்டது மாதிரி இருந்தது.

ஸ்டேஷனில் ஏட்டையா மனுவை இரண்டு தடவை படித்தார். ஆறடி உயரம், காதுவரை மீசை. அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தால் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். கோயிலுக்கு வந்து, கோயில்பிள்ளை தங்கும் அறையைச் சோதித்தார். பல்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

“படுத்திருக்கிற ஆளுன்னு பார்க்கப்படாது. இன்னைக்கே வில்லிபுத்தூர் போவோம். வாய் வராட்டா என்ன, கை இருக்கில்லா? காட்டட்டும். செத்த நேரம் இருங்க, வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாரேன்.”

போலீஸ் லைனில் அவர் வீடு. நானும் மேஸ்திரியும் வாசலில் நின்றோம். ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுச் சத்தம் கேட்டது. நடக்க முடியாத ஒரு கிழவரை இந்த மனிதர் எப்படி விசாரிப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எங்க கெளம்பிட்டீக?” என்றது உள்ளே ஒரு பெண் குரல்.

“மாதா கோயில் கெழவனை விசாரிக்கணும். களவாணிப் பய. சாமியவே வித்துட்டான்.”

குழம்புக் கரண்டி கீழே விழுந்தது.

“ஏங்க... அவிய களவாணி இல்ல.”

“ஒனக்கு என்னட்டி தெரியும்?”

“அது நம்ம வீட்டுலதான் இருக்கு.”

நாங்கள் இருவரும் எப்போது உள்ளே போனோம் என்று நினைவில்லை. ஏட்டையா எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவிக்கு ஏழு மாதம். சாமி அலமாரியைத் திறந்து, ஆண்டாள் படத்துக்குப் பின்னாலிருந்து அரிசி புடைக்கிற சுளகு ஒன்றை எடுத்தார். அதில் பஞ்சு பரப்பி, மெல்லிய சேலைத் துணி போர்த்தி, பாலன் படுத்திருந்தது.

“மின்ன ரெண்டு தடவை எனக்குத் தங்கலைல்லா. மாதா கோயில்ல போய் அழுதேன். அவிய பார்த்துட்டு, ‘மாதாவுக்கும் இது மாசமா இருக்குத காலந்தான் தாயி. பொறக்குத மட்டுக்கும் பிள்ளை ஒங்கூட இருக்கட்டும்’னு குடுத்தாக. இருபத்துநாலாந் தேதி நானே வந்து வாங்கிக்கிடுவேன், வேற ஆருகிட்டயும் குடுக்காத, சொல்லாதன்னாக. டாக்டரம்மா வெளிய போகப்படாதுன்னுட்டாக. அவியளுக்கு மேலுக்கு முடியலைன்னு பால்காரி சொன்ன நாள்ல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

என் காதில் வேறு எதுவும் விழவில்லை. வயிற்றின் மேல் வளைவு. சல்யூட். மீசை. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்? மெட்ராஸ்காரனிடம் சொன்னதும், ஊரில் எல்லோரிடமும் சொல்கிற அந்த ‘இன்னும் பொறக்கல’தான்.

மேஸ்திரி இரண்டு கையையும் நீட்டினார். “குடு தாயி, கொண்டுபோறோம்.”

அந்தப் பெண் சுளகை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். “ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லல.”

“ஏட்டி, குடு!” என்று ஏட்டையா உறுமினார். அந்த உறுமலுக்கு ஊரில் ரவுடிகள் ஒடுங்குவார்கள்.

“மாட்டேன். நாளைக்குத்தான் இருபத்துநாலு. அவிய கையிலதான் குடுப்பேன்.”

ஏட்டையா எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

மறுநாள் மத்தியானம் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மேடுபள்ளம் பார்த்து ஓட்டுகிற டாக்சி ஒன்று பிடித்துப் புறப்பட்டோம். முன் சீட்டில் ஏட்டையா, பின்னால் அவர் மனைவி மடியில் சுளகு, ஓரத்தில் நான். வார்டுக்குள் யூனிஃபாரத்தோடு ஏட்டையா நுழைந்ததும் பாதி நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் சுளகைக் கட்டிலில் வைத்தார். கோயில்பிள்ளை இடது கையால் துணியை விலக்கிப் பாலனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. நான்கு நாட்களாக வராத பேச்சு, கல்லைப் புரட்டுவது மாதிரி வந்தது.

“சா...ப்...ட்டியா... தாயி?”

ஏட்டையா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். வெகுநேரம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

நான் அவர் காதருகே குனிந்து, மனு எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் இடது கையை மெல்ல எடுத்தார். பிறகு மக்குப் பையனுக்குப் பாடம் நடத்துவது மாதிரி மெதுவாக வயிற்றில் ஒரு வளைவு, நெற்றியில் ஒரு சல்யூட். கடைசியாக என் தலையில் நங்கென்று ஒரு குட்டு. இடது கை என்றாலும் நன்றாகவே வலித்தது.

பாலன் அன்று சாயங்காலமே குடிலுக்கு வந்து சேர்ந்தது. கோயிலில் நான் நடந்ததைச் சொன்னபோது மேஸ்திரியின் மனைவி நிதானமாகச் சொன்னார்: “நம்ம சின்னவன் வயித்துல இருந்தப்ப நம்ம வீட்டுலயும் இருந்துச்சு. ‘செத்தப் பொறுங்க, நாள் இருக்கு’ன்னு முந்தா நாளே சொன்னேன். கேட்டீகளா?” மேஸ்திரி அந்த வருஷம் முழுவதும் மெதுவாகவே பேசினார். மார்ச்சில் ஏட்டையாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் மீசை பாதியாகக் குறைந்தது. குழந்தை இழுத்தது போக மீதி.

கோயில்பிள்ளை அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். மணி அடிக்க முடியவில்லை. வெயில் தாழ்ந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார். மில் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன். அவர் பேசுவது ஒருவருக்கும் விளங்காது, சாமியார்கூடப் பாதியில் எழுந்துபோய்விடுவார். எனக்கு ஒரு சொல் விடாமல் புரியும்.