மாவு பொங்கும் நேரம்

சொந்தக் கையால் ஒரு மென்பொருளை எழுதி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டு, உலகம் கை நீட்டி வாங்க மாட்டேன் என்கிறதே என்று உருகும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் எதிர்ப்பக்கம் நடந்திருப்பீர்கள்.

புனேயில், நிக்டியில் குடியிருக்கும் சேஷு அந்த இனம். புனேக் குளிரில் இட்லி மாவு எப்போது பொங்கும் என்று சொல்லும் ஆப் அவன் எழுதியது. காசு கிடையாது, உள்ளே இருக்கும் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். அப்படியும் ஆள் வரவில்லை. விடுவானா? ஹிஞ்சேவாடி போகும் கம்பெனி கேபில், நெரிசலில் வண்டி நின்று யாரும் இறங்கி ஓட முடியாத இடமாகப் பார்த்து லேப்டாப்பைத் திறப்பான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் போனை வாங்குவான். துக்கம் கேட்கப் போன வீட்டில் பேச்சு ஓய்ந்ததும், இந்த வருஷம் குளிர் அதிகம் இல்லையா என்று ஆரம்பிப்பான். எல்லோரும் ஆப்பைப் போனில் ஏற்றிக்கொள்வார்கள். அவன் தலை மறைந்ததும் அழிப்பார்கள். அவன் மனைவி அமலாவோ மாவில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அடுத்த பிளாக் பட்டு மாமி போன் செய்தாள். தினமும் அந்த ஆப்பைப் பார்த்துத்தான் மாவு கரைக்கிறாளாம். சேஷுவுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிருள்ள, அழிக்காத ஒரு மனுஷி.

"ஒண்ணே ஒண்ணுடா சேஷு. அரிசி எத்தனை கிராம்னு கேக்கறது. டம்ளர்னு மாத்திக் குடேன்."

அரைமணி வேலைதான். ஆனால் குறை சொல்லிவிட்டாளே! சேஷுவின் குரல் இறுகியது.

"மாமி, இது ஓப்பன் சோர்ஸ். வேணும்னா நீங்களே மாத்திக்கோங்கோ."

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் படித்த மருமகள் வைஷுவிடம் சொல்லி மாற்றிக்கொண்டாள். பெயரையும் 'பட்டு மாமி மாவு' என்று மாற்றி, பஜனைக் குழுவுக்கு அனுப்பினாள். குழு ஊருக்கெல்லாம் அனுப்பியது.

அடுத்த மாதம் கேபில், கோயமுத்தூர்க்காரர் கோகுல்நாத் சேஷுவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து போனை நீட்டினார்.

"சேஷு, மாவுக்கு ஒரு ஆப் வந்திருக்குதுங்க. டம்ளர் கணக்கெல்லாம் இருக்குது. ஏத்தித் தரட்டுங்களா?"

கீழே பொடி எழுத்தில் 'முதலில் எழுதியவர் சேஷு' என்றிருந்ததைச் சேஷு தொட்டுக் காட்டினான். கோகுல்நாத் உற்றுப் பார்த்தார்.

"அட, உங்க பேரேதானுங்க."

வண்டி நகரவில்லை. சேஷு ஏற்றிக்கொண்டான். அழிக்கவும் மனம் வரவில்லை; நன்றாகத்தான் இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் லிஃப்டில் ஒருவரை மடக்கி உங்கள் சமையல் சேனலைப் பார்க்கச் சொன்னீர்களே, அவர் தன் மாடி வரும் முன்பே இறங்கிப் படியேறிப் போனதைக் கவனித்தீர்களா?